காதோரம் ஒரு வெட்டு

வெள்ளிக்கிழமைதோறும் நாலரை மணிக்கு
ஹென்னர் ஃபோன் பண்ணுகிறார்.
"குதிரையா?" என்பார்.
வணக்கமும் நலம் விசாரிப்பும் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அடக்கம்.

கிளேவே நகரத்துக்கு வடக்கே, ரைன் நதி கைவிட்ட தடத்தில்
சரளை அள்ளும் இயந்திரத்தின் வாளியில் வந்தது அது,
பன்றித்தலை அளவுக்கு ஒரு சேற்றுருண்டை.
குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சியவர் அவர்தான்.
ஒரு கணம் பொன்னாய் மின்னிய பித்தளை
காற்றுப் பட்டதும் கறுக்கத் தொடங்கியதாம்.
வீட்டில் இரண்டு ஹாஃப்லிங்கர் குதிரை வளர்க்கிறார்.
அதனால் அவருக்கு அது குதிரைவீரனுடையதாக இருக்க வேண்டும்.

எனக்கு அது எதுவாகவும் இருக்க வேண்டியதில்லை.
பஞ்சு சுற்றிய குச்சி, வடித்த நீர்,
உருப்பெருக்கியின் கீழே
நாளைக்கு ஒரு தபால்தலை அளவு சுத்தம்.

முதலில் பின்கழுத்து.
காலாளின் தலைக்கவசத்தில் அது முறம்போல் விரியும்,
மேலிருந்து இறங்கும் வாள் முதுகைத் தொடாதிருக்க.
குதிரையிலிருந்து மல்லாந்து விழுகிறவனுக்கு
அந்த முறமே கழுத்தை முறிக்கும்.
இது ஒடுங்கி, பிடரியோடு ஒட்டி, ஆழமாய் இறங்குகிறது.

பிறகு மண்டை.
உள்ளிருந்து தட்டித் தட்டி எழுப்பிய சுருள்முடி,
சுருளுக்குச் சுருள் நத்தை உறங்குகிறது.
தன் தலைமயிருக்கு மேல் பித்தளை மயிர் வளர்ப்பது
பெரும்பாலும் சவாரிக்காரர்களின் பகட்டு.
"குதிரைதான் போல" என்று
பிப்ரவரியில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.
மறுமுனையில் ஒரு பெரிய ஆள் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

காதில்தான் மாட்டிக்கொண்டேன்.

குதிரைவீரனின் கவசம் காதை முழுக்க மூடும்.
மூடிய இடத்தில் தகட்டிலேயே ஒரு காதைச் செய்து வைக்கும்,
மடலும் வளைவுமாய், கேளாக் காது.
காலாளுக்கோ காது திறந்திருக்க வேண்டும்;
தோளோடு தோள் நிற்கிறவன்
"தள்ளு" என்றானா "நில்லு" என்றானா
தெரியாவிட்டால் வரிசையே போச்சு.
இதில் வலது கன்னத்தகடு மட்டும் மிச்சம்.
பித்தளை மடலின் மேல்வளைவு இருக்கிறது,
கீழே ஒன்றுமில்லை.
ஆறு அரித்தது என்றுதான் எழுதினேன்.
களிம்பை ஒரு வாரம் சுரண்டியபின் உளியின் பல் தெரிந்தது.
பதினோரு வெட்டு. கடைசி இரண்டும் தடுமாறியவை.
யாரோ அந்தப் பொய்க்காதைக் குடைந்தெடுத்திருக்கிறான்,
தன் காதுக்கு வழிவிட.

எழுதியதை அடித்தேன்.

பின்கழுத்தின் உள்விளிம்பில் ஊசியால் குத்திய புள்ளிகள்.
குதிரைப் பிரிவின் குறி, தலைவன் புரூடென்ஸ்,
உடையவன் பெயர் சாக்கோ.
அதன் குறுக்கே ஒரு கீறல்.
அடியில் வேறு கை, ஆழமான குத்து:
நூற்றுவர் படையின் கொக்கிக் குறி, அல்பானுஸின் ஆட்கள்,
மாதுகஸ்.

விற்றானா, சூதில் தோற்றானா,
செத்துக் கிடந்த சாக்கோவின் நாடியிலிருந்து
வாரை அவிழ்த்தது யார்,
புள்ளிகள் சொல்வதில்லை.
எங்கள் பட்டியலில் இரண்டு கட்டம்: குதிரைப்படை, காலாட்படை.
ஒன்றில் குறியிட்டால் மற்றது தானாக அழிகிறது.
மூன்று நாளாக இதையும் அதையும் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன்.
மௌனம்.
"உரக்கச் சொல்லு வீப்கா,
முப்பது வருஷ இயந்திரம், வலது காது போச்சு."
உரக்கச் சொன்னேன், பட்டறையே திரும்பிப் பார்க்க:
"முதல்ல குதிரை. அப்புறம் நடந்திருக்கு.
நடந்தவன் காதை வெட்டித் திறந்திருக்கான்."

"எந்தக் காது?"

"வலது. இடது தகடு கிடைக்கலையே."

மூச்சு வாங்குவது கேட்டது.
"அந்தக் குழியில இன்னும் நாலு மீட்டர் சரளை இருக்கு"
என்றார், ஃபோனை வைத்துவிட்டார்.